இரண்டு பேர் உட்காரும் படகு

காந்தல், ஊட்டி
2.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். மஸ்கட்டில் உங்கள் மூட்டுவலி குறைந்ததா? போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் பட்டென்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். முழுசாய்ப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பக்கத்து ஊட்டு ஈவ்லின் மலையேற்ற வழிகாட்டியாக வேலை பார்க்கிறாள் அல்லவா? மார்ச் முதல் வாரம், மலையேறிப் பழக்கமில்லாத பெண்கள் பத்துப் பேரை எமரால்டு ஏரிப் பக்கம் கூட்டிப்போகிறாள். முதல் நாள் நடை, மறுநாள் ஏரியில் துடுப்புப் போடுவது. நானும் பெயர் கொடுத்துவிட்டேன். கேட்கவில்லை, சொல்கிறேன்.

தினமும் ஐந்து கிலோ பையோடு ஒரு மணி நேரம் நடந்து பழகச் சொன்னாள். ஐந்து கிலோவாம்! எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் முப்பது கிலோ கொழுந்து மூட்டை சுமந்தவளிடம்! பையில் அரிசியைப் போட்டு, துண்டைச் சும்மாடு கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு பெர்ன்ஹில் மேடு வரைக்கும் போய்விட்டேன். ஈவ்லின் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அய்யோ அக்கா, முதுகுல மாட்டற பையத் தலைல வெச்சிருக்கீங்களே!" என்று நடுரோட்டில் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. முதுகில் மாட்டினால் கை இரண்டும் சும்மா தொங்குகிறது மாமா, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
வேலாமணி


மஸ்கட்
14.2.2025

அன்புள்ள வேலாமணிக்கு,

கடிதம் படித்தேன். சோறு இறங்கவில்லை. நாற்பத்து நாலு வயசில் எதற்கு இந்தக் கூத்து? உனக்கு நீச்சல் தெரியாது. புருஷன் ஊரில் இல்லை, இவள் ஊர் சுற்றுகிறாள் என்று காந்தல் முழுக்கப் பேசும். படகில்தானே போகவேண்டும்? நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பொறுக்க முடியாதா?

பெயரை எடுத்துவிடு. நீ போனால் சித்திரைக்கு நான் லீவில் வரமாட்டேன். இதுதான் முடிவு.

காலையில் ஸ்வெட்டர் போடாமல் நடக்காதே.

பொன்ராஜ்


காந்தல்
24.2.2025

மாமா,

சொல்லியிருக்கிறீர்கள். கல்யாணமான மாசம் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. நம் வீட்டிலிருந்து ஊட்டி ஏரிக்கு நடக்கிற தூரம்தான். நீங்கள் லீவில் வந்தபோதெல்லாம் ஒன்று மழை, இல்லையென்றால் விசேஷம், அதுவும் இல்லையென்றால் அசதி. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் எல்லாம் அந்த ஏரியில் படகில் போனார்கள். கரையில் நின்று பார்த்தவள் நான்.

காந்தல் பேசட்டும். மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தபோது ஒரு வார்த்தை பேசாத வாய்தானே அது!

நீச்சல் தெரியாது, உண்மை. பயமும் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஈவ்லின் எங்களுக்கு மிதவை ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து வெளியே வரப் பழக்கினாள். மூக்கெல்லாம் தண்ணீர். நாலாவது தடவை யாரும் கை கொடுக்காமல் எழுந்து நின்றேன். அழுதுவிட்டேன் மாமா.

பெயரை எடுக்கமாட்டேன். நீங்கள் வராவிட்டால் எனக்கு வலிக்கும். அதற்காக நான் நிற்கமாட்டேன்.

வேலாமணி


காந்தல்
10.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. நான் போய்விட்டு வந்துவிட்டேன். காலில் இரண்டு கொப்புளம், வேறொன்றும் ஆகவில்லை. மேட்டில் நான்தான் முதலில் ஏறினேன்.

ஏரியில் இரண்டு பேர் உட்காரும் படகு. முன்னால் இருப்பவர் துடுப்புப் போட்டால் போதும், திருப்புவது பின்னால் இருப்பவர் வேலை. ஈவ்லின் என்னை முன்னால் உட்காரச் சொன்னாள். "நான் பின்னாடியே உக்கார்றேன் கண்ணு" என்றேன். முதலில் கோரைக்குள் கொண்டுபோய்ச் செருகினேன். அப்புறம் நேராய்ப் போனது. நடு ஏரியில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உங்களை வாய்விட்டுத் திட்டினேன். எங்களோடு வந்த ஒரு டீச்சரம்மாதான் முன்னால் இருந்தார், திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் பங்குக்கு அவர் வீட்டுக்காரரைத் திட்டினார்.

அடுத்த நடைக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.

சித்திரைக்கு வந்தால் வாருங்கள். ஊட்டி ஏரிக்கு நான் கூட்டிப்போகிறேன். மிதவை ஜாக்கெட்டை நானே மாட்டிவிடுகிறேன். நீங்கள் முன்னால் உட்காருங்கள், பின்னால் நான் இருப்பேன். மழை பெய்தாலும் போகிறோம்.

வேலாமணி