கேன்டீனில் நடந்த நாடகம்

சனிக்கிழமை இரவு

நூறு வருடப் பெருமை பேசும் எங்கள் கல்லூரியின் ஆண்டு விழா இன்று. என் மாணவி தீபா எழுதிய தமிழ் நாடகத்தைக் கடைசி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். பாயான் பாரு ஊரில் தொழிற்சாலை வேலை செய்யும் தன் அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். அந்த அம்மா லீவு போட்டுவிட்டு வந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்.

விழாப் பொறுப்பாளர் சந்திரனிடம் ஓடினேன்.

“டைம் இல்ல லா, மேடம். நாடகப் பிள்ளைங்க சேலையில அழகா இருக்காங்க. வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கட்டும். போட்டோவுக்கு நல்லா இருக்கும்.”

என் பின்னால் நின்ற தீபா கேட்டாள்: “நாங்க என்ன சார், பூச்சட்டியா?”

அவர் விருந்தினர்களை வரவேற்க நடந்துவிட்டார். தீபா அம்மாவின் கையைப் பிடித்துக் கேன்டீனுக்கு அழைத்துப் போனாள். பிள்ளைகள் மேசைகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே நாடகத்தைப் போட்டார்கள். அம்மாவாக நடித்த மகள் அவரைப் போலவே சூப்பர்வைசரிடம் சண்டை போட்ட இடத்தில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அழுதார்.

அதோடு முடிந்திருந்தால் தூங்கியிருப்பேன். கல்லூரியின் இணையச் செய்திப் பக்கத்தில், கேன்டீன் நாடகத்தை யாரோ எடுத்த படத்தைப் போட்டிருக்கிறார்கள். விருந்தினர்களை மகிழ்விக்கக் கல்லூரி ஏற்பாடு செய்த இந்தியக் கலை நிகழ்ச்சியாம்! தீபாவின் பெயர் எங்குமே இல்லை. வெட்கம் கெட்டவர்கள்.

‘இது தீபா எழுதிய நாடகம். இதற்கு நீங்கள் மேடை தரவில்லை’ என்று கீழே எழுதினேன். அழித்துவிட்டார்கள். திரும்ப எழுதினேன். அதையும் அழித்தார்கள். மறுபடியும் எழுதிவிட்டுத்தான் இந்த நாட்குறிப்போடு வந்து உட்கார்ந்தேன்.

போன் அடிக்கிறது. சந்திரன்தான். எடுக்கத்தான் போகிறேன், அழித்தால் திரும்ப எழுதுவேன் என்று சொல்ல.