உ போட்ட அன்னங்கள்

உ

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். தூறினால் கரண்ட் போகும். போனது, வந்தது. வந்த வேகத்தில் சரளா அக்கா தறியின் பென்டிரைவ் செத்துவிட்டது. அன்னப் பார்டர் டிசைன் அதில்தான்; அது சொல்கிறபடிதான் தறி பூ போடும். புடவை பாதி நெய்தாகிவிட்டது. படவேட்டுப் பெண்ணின் முகூர்த்தப் புடவை. கல்யாணம் இந்த மாதக் கடைசியில். அதே டிசைன் கிடைக்காவிட்டால் நெய்ததை அறுத்துப் போட வேண்டியதுதான். புதிதாக ஆரம்பித்தால் கல்யாணத்துக்கு எட்டாது.

அக்கா எங்கள் டிசைன் கடைக்கே வந்துவிட்டாள். "தறி சும்மா நின்னுகினு கீதுமா. உங்க சித்தப்பா போட்டுக் குடுத்த டிசைன்தானே, ஜல்தி தேடிக் குடு."

சித்தப்பாவின் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கான ஃபோல்டர். எதில் எது, அவருக்கே தெரியாது. "எங்கியாவது இருக்கும், தேடு" என்று டீ குடிக்கப் போய்விட்டார். பேஜார்.

ஆனால் உள்ளுக்குள் ஒரே குஷி! கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை வரி வரியாக எழுதிக் கொடுக்கும் ஷெல் ஸ்கிரிப்டை போன வாரம்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். தேடும் பெயரில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம். கேள்விக்குறி போட்டால் ஒரே ஓர் எழுத்து. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

ஆவணி 10, செவ்வாய்

ஸ்கிரிப்ட் ரெடி. ஓட்டியதுமே திட்டு:

உ: command not found

கைப்பழக்கம். முதல் வரியில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன்! எடுத்தேன். கம்ப்யூட்டருக்கு பக்தி கிடையாது.

ls */அன்னம்*

எந்த ஃபோல்டரில் இருந்தாலும் சரி, அன்னம் என்று தொடங்குவதெல்லாம் வா.

ஒன்றுகூட வரவில்லை. மயில்* பூஜ்யம். யாளி* பூஜ்யம். எல்லாமே அழிந்துவிட்டதா? அக்காவிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை.

ஆவணி 11, புதன்

வெயில். முருங்கைக்கீரை வாங்க மறந்தேன். போகட்டும்.

சித்தப்பா புதுத் தாமரை டிசைனை சேவ் செய்தார். பின்னால் நின்று பார்த்தேன். பெயர் அடிக்கும் இடத்தில் முதலில் உ. அப்புறம்தான் தாமரை.

"சித்தப்பா! எல்லா டிசைனுக்கும் இதப் போடுவீங்களா?"

"பின்ன, மொட்டையாவா வெப்பாங்க? இன்னாத்துக்கு இப்டி கத்துற?"

தினமும் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணில் படும், மனசில் படாது. தாளின் தலையில் இருக்கும் சுழியை யார் வாசிக்கிறார்கள்? அன்னத்துக்கு முன்னால் ஓர் எழுத்து. ஒரே ஓர் எழுத்து!

ls */?அன்னம்*480*

(480 அக்கா தறியில் இழை தூக்கும் ஹூக்குகளின் கணக்கு. சித்தப்பா அதையும் பெயரில் சேர்ப்பார்.)

ஐந்து அன்னங்கள்! துள்ளியதில் நாற்காலி சாய்ந்தது. அக்கா அனுப்பிய போட்டோவோடு ஒப்பிட்டேன். கழுத்தைத் திருப்பி வாலைப் பார்ப்பது ஒன்றே ஒன்று. அதை மட்டும் புது பென்டிரைவுக்குக் காப்பி:

cp … && echo வந்துட்டேன்

&& போட்டால், முதல் வேலை ஒழுங்காக முடிந்தால்தான் அடுத்தது நடக்கும். சித்தப்பாவுக்கும் இப்படி ஒன்று போட முடிந்தால் தேவலை.

வந்துட்டேன் என்றது. ஓடினேன்.

அக்கா சொருகினாள், மிதித்தாள். கழுத்தோடு நின்றுபோன அன்னத்துக்கு இழை இழையாகத் தலை முளைத்தது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "வந்துட்ச்சிடி!" எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்கிரிப்டைத் திறந்தேன். # போட்ட வரியைக் கம்ப்யூட்டர் வாசிக்காமல் தாண்டிப் போகும், எங்களைப் போலவே. முதல் வரியில் திரும்பப் போட்டுவிட்டேன்:

# உ