ரோசம்மாவுக்கு வைத்த கம்பிச்சுருள்

2003 ஆகஸ்ட், செவ்வாய், இரவு

ரோசம்மா பிழைத்துக்கொண்டாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வயிற்று வலியை வெறும் கேஸ் என்று நினைத்து ஆறு மாதம் என் மனைவிக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். ஸ்கேனில் பார்த்தால், கணையத்தை ஒட்டிய ரத்தக்குழாய் சைக்கிள் டியூப் போலப் புடைத்திருக்கிறது. வெடித்தால் உயிர் போய்விடுமாம். வயிற்றைக் கிழிக்காமல், தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கம்பிச்சுருள் வைத்து அடைப்பதாக டாக்டர் சொன்னார்.

காலையில் நர்ஸம்மா சம்மதக் காகிதத்தோடு மைப்பெட்டியையும் நீட்டினார். "தாத்தா, இடது கட்டை விரல் குடுங்க."

"பேனா குடும்மா," என்றேன். எழுதப் பழகி நான்கு மாதம்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி என் பெயரை எழுதினேன். நான் முடிக்கும்வரை ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது.

மதியம் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். "அடைச்சாச்சு பெரியவரே. இனிமே அதுக்குள்ள ரத்தம் போகாது."

ரோசம்மா கண் விழித்ததும் என் இடது கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தாள். "மையே இல்லியே! யாருய்யா கையெழுத்து போட்டது?"

"நான்தான்."

"அடப்பாவி! உன் எழுத்த நம்பியா என்னை உள்ள தள்ளினாங்க?"

சிரித்தபடியே தூங்கிவிட்டாள். விரலை இன்னும் விடவில்லை. மடியில் வைத்து எழுதும் இந்த நோட்டு நழுவுகிறது. பிடிக்க இன்னொரு கை இல்லை.