திருடன் பிடிபடாவிட்டாலும்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் இருக்கிறது. டப்பா மூடிகளைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். இடது கையாலேயே திறக்கலாம். வீம்புக்கு வலது கையை நீட்டாதீர்கள், தையல் பிரிந்துவிடும்.

நான் சந்தை வாசலுக்குப் போகிறேன். குற்றத்தால் அடிபட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு தருகிறது என்று இன்றும் எங்கள் சட்ட உதவிக் குழுவோடு மைக்கில் சொல்ல வேண்டும். ஊரே கேட்கிறது, வீட்டில் மட்டும் எடுபடவில்லை. "சலூன்ல திருட வந்தவன் கையை வெட்டிட்டுப் போனா, நான் போய்க் கையேந்தணுமா? அவனையே இன்னும் புடிக்கலையே!" என்று நேற்று கத்தினீர்கள். நான் பாப்பாவைத் தட்டிக்கொடுக்கப் போய்விட்டேன். பயந்து அல்ல, உங்கள் சத்தத்தில் அவள் விழித்துவிடக் கூடாதே என்றுதான்.

பதினொரு மணிக்குப் பழக்கடை அக்கா வருவார். அவர் மகனை அடித்துப் போட்டவனும் பிடிபடவில்லை, அதனால் ஒன்றும் கிடைக்காது என்று நினைக்கிறார். அவரிடம் நீங்களே விஷயத்தைச் சொல்லுங்கள். பிடிபடாவிட்டாலும் மனு போடலாம். போலீசில் கொடுத்த புகாரின் நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டும் வேண்டும். அது பிச்சை இல்லை.

கத்தரி பிடிக்க முடியாவிட்டால் என்ன, உங்கள் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே. தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர்கள் எல்லாம் இத்தனை வருடம் நீங்கள் சொன்னதைத்தானே கேட்டார்கள்! அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். உங்கள் காதிலும் விழட்டும்.

சாவி செருப்பு அலமாரியில்.

மறந்துவிட்டேன்: நீங்களாகச் சவரம் செய்துகொள்ள வேண்டாம். ஊர் முகத்தையெல்லாம் மழித்தவர் நீங்கள். சாயங்காலம் வந்து உங்களுக்கு நான் செய்துவிடுகிறேன். அதையும் கையேந்துவது என்பீர்களா?