மலாய் வீட்டு ஜாவா

செவ்வாய்க்கிழமை

என் வயதில் பாதிகூட இல்லாத மேனேஜர் இன்று, "அண்ணே, ஜாவா படிங்க. இல்லாட்டி புது சொஃப்ட்வேர் வேலையில உங்களுக்கு இடமில்ல," என்றான். தலை நரைக்கும்வரை பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிச் சோறு தின்றவனிடம்!

வயிற்றெரிச்சலை மனைவியிடம் கொட்டினேன். அவள் மதிலுக்கு அப்பால் ஒலிபரப்பிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பரீதா ராத்தா, "ஜாவா பாஷையா? எங்க மைனி மலாய்க்காரிதானே, ஒரு மாசத்துல பேச வச்சிருவா," என்றாராம். மலாய்க்காரரை ஜாவாக்காரர் என்னும் ஊரில் கம்ப்யூட்டர் மொழியை எப்படி விளக்குவது? செய்தி இந்நேரம் பலாபத்வல ஊரையும் தாண்டியிருக்கும்.

இந்த வயதில் இன்னொரு மொழி எனக்கு வேண்டவே வேண்டாம். ஆனாலும் படிக்கத்தான் போகிறேன். அந்தப் பயல் எழுதும் ஜாவாவில் பிழை பிடிக்க வேண்டும். எல்லோர் முன்னாலும், "தம்பி, இங்க பாருங்க" என்று மிக மரியாதையாக.