ஆறாம் குழாய்

மார்ச் பன்னிரண்டு

அன்புள்ள மகள் கிளெனிஸுக்கு,

அப்பா நலம். நாய்க்குத்தான் காது இரண்டும் போய்விட்டது. வியாழக்கிழமை குவாரியில் வெடி வைக்கும்போதுகூட எழுந்திருப்பதில்லை. பெர்த்தில் நீங்கள் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் டானிகா. குவாரிக் குழியை ஆழமாக்கினால் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் இறங்குமா என்று பார்க்க பல்லாரட்டிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறாள். குவாரியைச் சுற்றி எட்டுக் குழாய்கள் இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அளவு நாடாவை விடுவாள். நுனி தண்ணீரைத் தொட்டதும் அது கீச்சென்று கத்தும். ஆறாவது குழாய் நம் வேலியோரம். நம் போர்க் கிணற்றிலிருந்து முப்பதடிகூட இருக்காது.

போன ஏப்ரலில் முதல்முறை வந்தபோது டீ கொடுத்தேன். முப்பத்தொரு வருடம் அதே குவாரியில் வெடிக்குழி துளைத்தவன் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். துளைத்த ஆழத்தை அந்தக் காலத்தில் மேஸ்திரிதான் எழுதிக்கொள்வார். எனக்கு எழுத்து ஏது? ஆனால் எந்தக் குழியில் எத்தனை அடியில் ஈரம் தட்டியது என்பதெல்லாம் தலைக்குள் இருக்கிறது. அறுபத்தெட்டில், நீ பிறந்த வாரம், வடக்கு மூலையில் எழுபத்தோராவது அடியில் கல்தூள் சேறாக வந்ததைச் சொன்னேன். "ஆர்ச், நீங்க ஒரு நடமாடுற ஆபீஸு" என்று சிரித்தாள். உன் அம்மா போனபிறகு அந்தச் சமையலறையில் யாரும் சிரித்ததில்லை.

ஜூனில் அவளே சொன்னாள்: "எட்டும் ஆடாம அசையாம இருக்கு. இப்படியே இருந்தா இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்." அவளுக்கு அது நல்ல செய்தி.

அடுத்த மாதம் அவள் வரும் நாளில் விடிந்ததுமே நம் போர் மோட்டாரைப் போட்டேன். நாலு மணி நேரம் ஓடியது. தண்ணீரையெல்லாம் மாட்டுக்குட்டையில் விட்டேன். ஆறாம் குழாயில் நாடா இரண்டடி கூடுதலாக இறங்கித்தான் கத்தியது. "இது மட்டும் ஏன் இப்படி?" என்றாள். "பாறைக்கும் வயசாகுதில்ல, பொண்ணே" என்றேன். அதற்கடுத்த மாதமும் வந்தாள். ஒவ்வொரு மாதமும் வந்தாள். குவாரி மேலாளர் கெவ் வேலிக்கு அப்பாலிருந்து, "என்ன பெருசு, சட்டையில இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிக்குது! நாடாக்காரி வர்ற நாளா?" என்று கத்துவான்.

ஜனவரிக் கடைசியில் குழியை ஆழமாக்கத் தொடங்கினார்கள். பிப்ரவரியில் மோட்டார் பெல்ட் அறுந்து கிடந்தது. ஒரு சொட்டுக்கூட இறைக்கவில்லை. அப்படியும் ஆறாம் குழாய் ஐந்தடி இறங்கியிருந்தது. டானிகாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. "இதுதான் ஜூலைலேருந்தே ஆடுதே. தோண்டறதுக்கு முன்னாடியே ஆடினதுக்கு அவங்களை எப்படிக் குத்தம் சொல்றது?" என்றாள். கெவ்வும் அதையேதான் சொல்கிறானாம்.

போர் வற்றினால் மாடுகளை அனுப்பிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு பெர்த்துக்கு வருகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தது நான்தான். இப்போது அந்தத் தண்ணீருக்கு இருந்த ஒரே சாட்சியான ஆறாம் குழாயின் கணக்கையும் நானே கெடுத்துவைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் டானிகா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதுவரை அவளுக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. உனக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். எழுந்து வெளியே போனாள். வேலியோரம் நாடா கத்துவது கேட்டது. இன்று காலை நான் மோட்டாரைத் தொடவில்லை. போன மாதத்தைவிட இன்னும் ஒரு அடி இறங்கியிருக்கிறது.

திரும்பி வந்தவள் வேறொரு தாளை எடுத்து, "எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம்? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். ஏழு நாள். ஜூலை பத்து, நாலு மணி நேரம், புல்லில் உறைபனி. ஆகஸ்ட் பதினாலு, மூன்றரை, பசு கன்று போட்ட அன்று. இப்படி ஜனவரிவரை சொன்னேன். "எழுதி வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். "எழுதத் தெரிஞ்சிருந்தா உன்னை எதுக்கு உக்கார வெச்சிருக்கேன்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு கிழவனின் வாய்க்கணக்கை அவள் மேலதிகாரிகள் ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாதாம். எப்படியானாலும் என் வீட்டில் டீ குடித்தவள் இனி என் தண்ணீரை அளக்கக் கூடாதாம். அடுத்த மாதம் வேறு ஆள் வருவான். இந்தக் கடிதத்தை மட்டும் முடித்துத் தருகிறாள். கீழே எழுத்து கொஞ்சம் அவசரமாக இருந்தால் அதுதான் காரணம்.

மகளே, உன் வீட்டுத் தண்ணீர் என்றும் குறையாதிருக்கட்டும். இங்கே போரில் இன்னும் இருக்கிறது. பெல்ட் மாற்றிவிட்டேன். கூரை ஒழுகவில்லை, நான் எங்கும் விழவில்லை. ஒன்றும் கெட்டுப்போகாத ஒரு நாளில் வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு உன் அப்பா,
ஆர்ச் பாஸ்கோ
(பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறி நான் போட்டது) ×