முதல் வரி நலம்

ஐந்தாம் ஆண்டு, நாள் 212. இரவு 11.40. செவ்வாய்க் கோள், தென்முகாம்.
நலம், நலமறிய ஆவல்.
இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள், பாண்டியக்கா. இதழினி இப்போதுதான் தூங்கினாள். நான்கு வயதுக்கு வாய் அதிகம். புழுதிப்புயல் ஓயவில்லை. பழுது பார்க்க வடமுகாம் போன இவள் அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். இங்கே நாங்கள் இருவர்தான்.
காற்று வடிகட்டி மாற்றினேன். அடுத்தது எட்டு நாள் கழித்து; தவறினால் காற்று நஞ்சாகி, தூக்கம் தூக்கமாக வரும். மூடியை இரண்டு கையாலும் திருக வேண்டும். இன்று நாலு முறை வழுக்கியது.

நாள் 215. இரவு 12.15.
நலம், நலமறிய ஆவல்.
மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கட்டைவிரல் சதை குழிந்துவிட்டது. கல்லூரியில் உயிரியல் படித்தவள், எனக்குத் தெரியும். தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். கைக்கு அடுத்து நாக்கு. குழந்தையிடமிருந்து பிரித்துவிடுவீர்களோ என்று ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. இனி தட்டச்சு முடியாது. நான் பேசுவேன், கருவி எழுதும். புரியாத இடத்தை என் பழைய பதிவுகளைப் பார்த்து அதுவே நிரப்புமாம். பழகாத குரலென்றால் கேட்டபடி எழுதுமாம்.
எங்களை ஏற்றிப்போகக் கப்பலை அனுப்புங்கள்.

நாள் 217. இரவு 10.50.
நலம், நலமறிய ஆவல்.
மேலே சுற்றுநிலையத்திலிருந்து உங்கள் செய்தி: "மங்கை, வடமுகாம்ல காய்ச்சல். ஒம் வீட்டுக்காரரும் படுத்துட்டாரு. கஞ்சியில உப்பில்லன்னு சண்ட போடுறாராம், பொழச்சுக்குவாரு. கப்பல் ஒண்ணுதான் இருக்கு. ஒனக்கு அவசரம்னா சொல்லு, இல்லாட்டி மொதல்ல அங்க விடுறேன்."
அவசரம்தான் அக்கா. 215-ஐப் படிக்கவில்லையா?

நாள் 220. இரவு 1.30.
நலம், நலமறிய ஆவல்.
மூடிக்குத் துண்டைச் சுற்றி, முழங்கையால் நெருக்கி, பல்லால் இழுத்தேன். இரண்டு மணி நேரம். "அம்மா மூடியக் கடிக்குது" என்று இதழினி சிரித்தாள். அடுத்த முறை என்னால் ஆகாது. 228-க்குள் வாருங்கள்.

நாள் 223. இரவு 11.05.
நலம், நலமறிய ஆவல்.
உங்கள் செய்தி: "கப்பல் வடக்க எறங்கிருச்சு. நீ ஒருத்திதான்த்தா என்னத் தொந்தரவு பண்ணாதவ. நலம்னு ஆரம்பிச்சா பிரச்சினை இல்லன்னு இங்க இயந்திரமே பச்சைப் பக்கம் ஒதுக்கிரும். பதினோரு முகாம், அதையெல்லாம் பிரிக்க எனக்கு ஏது நேரம்? எப்பவாச்சும் ஆசைக்கு ஒண்ணு பிரிப்பேன், ஒம் மக அடிச்ச கூத்து எதாச்சும் இருக்கான்னு."
ஒன்றையும் படிக்கவில்லை. கடிதமென்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அம்மா பழக்கியது. ஐந்து வருடமாக நானே தட்டிய வரி. இப்போது அதைக் கருவி தானாகப் போடுகிறது. எடு என்று ஏழு முறை சொன்னேன். நாக்கு குழறத் தொடங்கிவிட்டது; அந்தக் கட்டளை மட்டும் அதற்குப் புரியவில்லை. திரையில்: முதல் வரி சேர்க்கப்பட்டது.

நாள் 226. இரவு 2.20.
நலம், நலமறிய ஆவல்.
குழந்தை நன்றாகச் சாப்பிட்டாள் (நிரப்பியது). இல்லை நான் அப்படிச் (தெளிவில்லை) வானிலை சீர் (நிரப்பியது). அக்கா (தெளிவில்லை) கை (தெளிவில்லை) எல்லாம் வழக்கம்போல் (நிரப்பியது).

நாள் 228. விடியல் 4.10.
நலம், நலமறிய ஆவல்.
வடிகட்டி மாற்றினேன் (நிரப்பியது). கவலை வேண்டாம் (நிரப்பியது).
வேறு குரல். கேட்டபடி:
பாண்டியத்தை, நான் இதழினி. அம்மா பேசுறது எனக்கு மட்டுந்தான் புரியும், அதான் என்னையச் சொல்லச் சொன்னாங்க. மூடி தொறக்கல. நானும் தொங்கிப் பாத்துட்டேன். செவப்பு வெளக்கு எரியுது. தூங்காத தூங்காதன்னு அம்மா தலையால முட்டி முட்டி எழுப்புறாங்க. எனக்குத் தூக்கமா வருது. அத்தை, சீக்கிரம் பதில் போடுங்க.